தலைகீழ் சுவிட்ச்

கிட்டே வாங்க கண்ணுகளா, கதவுப் பக்கம் உட்கார்ந்தால் பாதிக் கதை காற்றோடு போய்விடும். சின்னதுகள் முன்னால் வாங்க, முதுகு வலிக்காரர்கள் சுவரோடு சாய்ந்துகொள்ளுங்கள். இன்றைக்குத் துப்பறியும் கதை. பயப்பட வேண்டாம், பிணம் கிடையாது. ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை. கொஞ்சம் வயர், ரெண்டு ஸ்பீக்கர், ஒரு பெண்டாட்டி. இவ்வளவை வைத்துக்கொண்டு எத்தனை கலவரம் பண்ண முடியும் என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

டயர்க் கடைக்கு மேல்மாடியில் ஒலிப்பதிவுக் கல்லூரி வைக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவதிக்குத் தோன்றியதோ, அந்தப் புண்ணியவதியைப் பார்க்கத்தான் வாயாடி படியேறிக்கொண்டிருந்தாள். கீழே இரும்பில் சுத்தியல் விழுகிறது. மேலே, ஈ பறக்கிற சத்தம்கூட நுழையாதபடி பஞ்சும் பலகையும் அடித்த அறையில், சத்தத்தைப் பதிவுசெய்யப் பாடம் நடக்கிறது.

அவளுக்கு முன்னால் ஏறியவர் துப்பறிகிறவர், அவளுடைய அக்கா வீட்டுக்காரர். சின்ன வயதிலேயே வலது காது கேட்காமல் போனதால் ஊர் அவருக்கு வைத்த பெயர் ஒற்றைக்காதர். அவரிடம் உதவியாளராக இருப்பதில் வாயாடிக்கு ஒரு வசதி உண்டு. திட்ட வேண்டும் என்று தோன்றினால் வலப்பக்கம் வந்து திட்டிக்கொள்ளலாம்.

அன்றைக்கு அவள் இடப்பக்கமே வந்தாள். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும், அவளுக்கு வாய் நிற்காது.

"அத்தான், என் வீட்டுக்காரரை நானே பிடிச்சுக் குடுத்தா, அக்கா எனக்கு வீட்ல இடம் குடுப்பாளா?"

"யார் செஞ்சாங்கன்னு பார்க்க வந்திருக்கோம். யாரோட வீட்டுக்காரர்னு பார்க்க வரலை."

"அவர் எனக்கு யாருன்னு கல்லூரித் தாளாளரம்மா கேட்டுட்டா?"

"கேட்டா மறைக்காம சொல்லு. கேக்கற வரைக்கும் உன் வாய் எனக்கு வேலை செய்யட்டும்."

விஷயம் இதுதான். அந்தக் கல்லூரியின் புது ஸ்டுடியோவில் யாரோ சாமான்களைக் கெடுக்கிறார்கள். சந்தேகம், அங்கே வயரிங் வேலை பார்க்கிற வயர்மேன் மேல். அந்த வயர்மேனுக்குத்தான் வாயாடி காலையில் சாப்பாட்டு டப்பா கட்டிக் கொடுத்தாள். கொஞ்ச நாளாக மனுஷன் விடிந்தும் விடியாமல் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். ஏன் என்றால் 'வேலை' என்கிறான். அதையும் கண்ணைப் பார்த்துச் சொல்வதில்லை. அவன் செய்திருக்க மாட்டான் என்று அவளுக்கு நூற்றுக்கு நூறு நம்பிக்கை. ஆனால் அந்த நூறுக்கு அடியில் ஏதோ ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது.

மாடியில் தாளாளர் அம்மா வாசலுக்கே வந்து நின்றார். அவர் தலைக்கு மேல் புத்தம்புதுப் பலகை, பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை: 'பழுதே இல்லாத பயிற்சிக்கூடம்.'

"இதைப் படிச்சீங்களா?" என்றார் அம்மா.

"படிச்சோம். படிச்சுட்டுத்தான் உள்ள வரலாமா வேணாமான்னு யோசிச்சோம்," என்றாள் வாயாடி.

அம்மா சிரிக்கவில்லை. "மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் அங்கீகாரக் குழு வருது. அவங்க தலையாட்டினாத்தான் இது கல்லூரி. இல்லைன்னா டயர்க் கடைக்கு மாடி. போன வாரம் எங்க அறக்கட்டளைத் தலைவர் பேச வந்தார். புது மைக், புது கேபிள். வாயைத் திறக்கறார், மூடறார், ஒரு சத்தமும் வரலை. மீன் மாதிரி நின்னுட்டுப் போனார். அடுத்த நாள் ஹெட்ஃபோன்ல ஒரு பக்கம் செத்துப்போச்சு. அதுக்கடுத்து எங்க பார்த்தாலும் ஒரே ஊய்ங்ங்னு இரைச்சல். குழு வர்றதுக்குள்ள அந்த வயர்மேன்தான்னு உறுதி பண்ணிக் குடுங்க. வேலையை விட்டும் அனுப்பறேன், போலீஸுக்கும் அனுப்பறேன்."

"அவர்தான்னு ஏன் நினைக்கறீங்க?" என்றார் ஒற்றைக்காதர்.

"சாவி அவன்கிட்ட, வயர் ஒட்டற சால்டரிங் கம்பி அவன்கிட்ட. முதல் நாளே வந்து 'யாரோ என் வயரிங்ல கை வைக்கறாங்க'ன்னு அவனே கத்தினான். திருடன்தானே முதல்ல கத்துவான்?"

"வேற யாராவது கத்தினாங்களா?"

"வாத்தியார் கத்தினார். யாரோ அவர் சாமானைத் தொடறாங்களாம். அவர் பெரிய மனுஷர், எத்தனையோ ஸ்டுடியோ பார்த்தவர். அவர் கத்தினா அது புகார்."

கூடத்தில் மாணவர்கள் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டியிருந்த ஒரு பெண்ணிடம் ஒற்றைக்காதர் நின்றார்.

"என்னம்மா, முகம் ஏன் தொங்குது?"

"ஸ்டுடியோவுல ஒரு தப்பு இருக்கு, கண்டுபிடிங்கன்னார் சார். காலையிலேர்ந்து காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டோம். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்கெல்லாம் காதே இல்லைன்னு திட்டிட்டுப் போய்ட்டார்."

"எனக்கு ஒண்ணாவது இருக்கு," என்று சொல்லிவிட்டு ஒற்றைக்காதர் நடந்தார்.

ஸ்டுடியோ அறை கும்மிருட்டு. பழக்க தோஷத்தில் வாயாடி சுவரைத் தடவிச் சுவிட்சை மேலே தட்டினாள். விளக்கு எரியவில்லை. மறுபடி மேலே தட்டினாள்.

"கீழ தட்டணும்மா," என்றார் தாளாளர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "உலகம் பூரா அப்படித்தான்."

"எங்க வீடு உலகத்துல சேர்த்தி இல்லைங்க," என்று வாயாடி கீழே தட்டினாள்.

விளக்கெரிந்தது. சுவரெல்லாம் கரும்பஞ்சு. நடுவில் பித்தான்கள் நிறைந்த பெரிய மேசை. அதற்கு எதிரே இடமும் வலமுமாக ரெண்டு பெரிய ஸ்பீக்கர். இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் அலமாரி மாதிரி ஓர் இரும்பு ராக், நகர்த்த நாலு ஆள் வேண்டும். வலது ஸ்பீக்கர் வாசலை ஒட்டி. சுவரில் வரிசையாகக் கொக்கி, கொக்கி தோறும் சுருட்டிய கேபிள்.

மூலையில் வயர்மேன் எழுந்து நின்றான். பெண்டாட்டியைப் பார்த்தவன் வாயைத் திறந்து, அவள் முறைத்த முறைப்பில் மூடிக்கொண்டான்.

"வணக்கம் மேடம்," என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவன் வாயில் மரியாதை கேட்டதில்லை. ஒரு விநாடி அனுபவித்துக்கொண்டாள்.

"வணக்கம். இங்க உள்ள சாமானைக் கெடுக்கறது யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது மேடம்."

"நீங்க தொட்டீங்களா?"

வயர்மேன் கையில் இருந்த வயரைச் சுருட்ட ஆரம்பித்தான். உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கு, முழங்கையிலிருந்து உள்ளங்கைக்கு, பரபரவென்று. இஸ்திரிப் பெட்டி வயரையும் துணிக்கொடியையும் வீட்டில் இப்படித்தான் சுருட்டுவான். அவிழ்த்தால் ஒவ்வொன்றும் பன்றிவால் மாதிரி முறுக்கிக்கொண்டு வரும்.

"நான் எதையும் தொடலை மேடம்," என்றான் வயரைப் பார்த்து.

பொய். அவளுக்குத் தெரிந்த பொய். நெய் டப்பா காலியானபோது சொன்ன அதே குரல்.

ஒற்றைக்காதர் ஒன்றும் கேட்கவில்லை. "சரி, வெளிய இருங்க. கூப்பிடறோம்," என்று அனுப்பிவிட்டார்.

"இவ்வளவுதானா விசாரணை?" என்றார் தாளாளர்.

"தலைவரை மீனாக்கின கேபிளைக் காட்டுங்க."

அம்மா அதை ஒரு சுமங்கலியின் நகைபோலப் பீரோவில் பூட்டி வைத்திருந்தார். "கொக்கியிலேர்ந்து எடுத்தேன், மாட்டினேன், பேசலை. உடனே அதே சுருணையா சுருட்டு கலையாம உள்ள வச்சுப் பூட்டிட்டேன். சாட்சி ஆச்சே!"

"மாட்டினப்ப முழுசும் அவிழ்க்கலையா?"

"மைக் பக்கத்துலயே நின்னுச்சு. ரெண்டு முனையை மட்டும் இழுத்தேன்."

ஒற்றைக்காதர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மீதிச் சுருணையைத் தரையில் வீசினார். கேபிள் ஒரு முறுக்கு இல்லாமல், ஒரு சிக்கு இல்லாமல், தண்ணீர் ஓடுகிற மாதிரி நேராக ஓடிச் சுவரில் முட்டி நின்றது.

வாயாடிக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. "அத்தான், இது முழங்கைச் சுருட்டு இல்லை! அந்த வயர்மேன் சுத்தினதா இருந்தா இந்நேரம் பாம்புப் புத்து மாதிரி குமிஞ்சிருக்கும். இப்பத்தானே கண்ணால பார்த்தோம்."

"ஒரு வளையம் மேலாக, அடுத்த வளையம் உள்பக்கம் திருப்பி, மாத்தி மாத்திச் சுத்தினாத்தான் இப்படி ஓடும்," என்றார் அவர். "ஸ்டுடியோக்காரங்க பழக்கம். கை பழகவே வருஷம் ஆகும்." முனையில் இருந்த பிளக்கைத் திருகித் திறந்தார். உள்ளே ஒரு கம்பி கழன்றிருந்தது. கழன்ற நுனிக்குச் சின்னதாக டேப் சுற்றி, மற்றதைத் தொடாமல், மடித்துப் படுக்க வைத்திருந்தது.

"தூளியில போட்ட மாதிரி இருக்கே," என்றாள் வாயாடி.

"அதேதான். கெடுக்கணும்னு வர்றவன் கத்திரியால வெட்டிட்டுப் போவான். இவனுக்கு இதைத் திரும்ப ஒட்டற எண்ணம் இருக்கு."

வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். நரைத்த குடுமி, கழுத்தில் கண்ணாடிக் கயிறு, உலகத்துச் சத்தமெல்லாம் தன்னைக் கேட்டுத்தான் வருகிறது என்ற நடை. தரையில் கிடந்த கேபிளைப் பார்த்ததும் பேசிக்கொண்டே குனிந்து எடுத்தார், பேசிக்கொண்டே சுருட்டினார். ஒரு வளையம் மேலாக, ஒரு வளையம் உள்ளாக. கை தன்பாட்டுக்கு ஓடியது.

வாயாடி அத்தானைப் பார்த்தாள். அத்தான் கூரையைப் பார்த்தார்.

"என் சாமானை யாரோ தொடறாங்க," என்றார் வாத்தியார். "நான் ஒண்ணை ஒரு மாதிரி வச்சுட்டுப் போறேன். காலையில வந்தா அது வேற மாதிரி இருக்கு. எனக்கே பைத்தியம் பிடிச்சுடும் போல."

"எதை, எப்படி வச்சுட்டுப் போவீங்க?"

வாத்தியார் தாளாளரை ஓரக்கண்ணால் பார்த்தார். "அது... பாட விஷயம். உங்களுக்குப் புரியாது."

"சரிங்க, வெளிய இருங்க."

வாத்தியார் போனதும் வாயாடி குதித்தாள். "அவர்தான்! இன்னும் என்ன கூரையைப் பார்க்கறீங்க?"

"கேபிள் அவர்தான். ஆனா காலையில வந்து வேற மாதிரி ஆக்கறது யாரு? நீ அந்த ராக்குக்குப் பின்னால நுழைவியா?"

"துப்பறிய வந்தேனா, ஒட்டடை அடிக்க வந்தேனா?" என்று முனகிக்கொண்டே அவள் பக்கவாட்டில் நுழைந்தாள். ஸ்பீக்கரின் முதுகில் ரெண்டு திருகு, ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. "அத்தான்! சிவப்பு வயர் கறுப்புல இருக்கு, கறுப்பு சிவப்புல இருக்கு!"

"வலது பக்கம்?"

தும்மிக்கொண்டே வெளியே வந்து வாசலோரம் குனிந்தாள். "இங்கயும் அப்படியேதான்."

"பார்த்தீங்களா! ரெண்டையும் கெடுத்துட்டான் பாவி!" என்றார் தாளாளர்.

"ரெண்டையும் கெடுத்தா, ஒண்ணையும் கெடுக்காத மாதிரிம்மா." ஒற்றைக்காதர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நின்னுபோன காரை ரெண்டு பேர் தள்ளறாங்க. ரெண்டு பேரும் பின்னாலேர்ந்து தள்ளினா ஓடும். ஒருத்தர் பின்னாலயும் ஒருத்தர் முன்னாலயும் நின்னு தள்ளினா, வேர்வைதான் மிச்சம். ஸ்பீக்கரும் அப்படித்தான். ஒண்ணுல மட்டும் சிவப்பும் கறுப்பும் இடம் மாறினா, ஒண்ணோட சத்தத்தை இன்னொண்ணு சாப்பிடும். ரெண்டு பேருமே முன்னால போய் நின்னுட்டா? பின்பக்கமா போனாலும் கார் ஓடும். சத்தம் சரியாத்தான் கேக்கும். பசங்க காலையிலேர்ந்து தேடியும் கிடைக்காதது ஏன்னு இப்பப் புரியுதா?"

தாளாளருக்குப் புரியவில்லை. வாயாடிக்குப் புரிந்தது. புரிந்த விநாடியில் அவள் கண் வாசலோரத்து வலது ஸ்பீக்கருக்கே திரும்பியது.

ஏனென்றால் அந்த வலது பக்கம் அவளுக்குத் தெரிந்த கை. வீடு கட்டின புதிதில் சமையலறைச் சுவிட்சை அவள் வீட்டுக்காரன் தலைகீழாகப் பதித்துவிட்டான். மேலே தட்டினால்தான் எரிந்தது. அந்த ஒன்றைக் கழற்றி நேராக்கியிருக்கலாம். ஆனால் அது பாத்திர அலமாரிக்குப் பின்னால், விரல் மட்டும் நுழைகிற சந்தில் இருந்தது. மனுஷன் என்ன செய்தான் தெரியுமா? கைக்கு எட்டிய மற்ற அத்தனை சுவிட்சையும் கழற்றித் தலைகீழாக மாட்டி, 'இப்ப எல்லாம் ஒண்ணா இருக்கு பார்' என்றான். நகர்த்த முடியாத ராக்கைச் சும்மா விட்டுவிட்டு, வாசலோரம் இருப்பதைத் திருப்பிச் சரிக்கட்டுகிற புத்தி உலகத்தில் ஒரே ஒருத்தனுக்குத்தான் உண்டு. அவனுக்குத்தான் அவள் கழுத்தை நீட்டியிருந்தாள்.

சொன்னால் அவன் போலீஸுக்குப் போவான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கேபிள் வாத்தியார் கைச்சுருட்டு, பழி தானாக அங்கே போய் உட்கார்ந்துவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வாழ்க்கையில் முதல் தடவையாக.

"வாயாடி," என்றார் ஒற்றைக்காதர் மெல்ல. "நீ பேசாம இருக்கறது எனக்குச் செவிட்டுக் காதுலயே கேக்குது."

அவள் புடவைத் தலைப்பை முறுக்கினாள். அப்புறம் விட்டாள்.

"வலது பக்கத்தைத் திருப்பினது யாருன்னு எனக்குத் தெரியும், அத்தான். என் வீட்டுக்காரர்."

"யாரு உன் வீட்டுக்காரர்?" என்றார் தாளாளர்.

"உங்க வயர்மேன்தாம்மா."

கீழே சுத்தியல் விழுந்தது. பஞ்சடித்த அறையில் அது கேட்டிருக்கக் கூடாது, ஆனால் கதவு திறந்திருந்தது. அந்த வாசலில் வயர்மேன் நின்றான். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி.

"குடும்பமே சேர்ந்து என்னை ஏமாத்தறீங்களா?" தாளாளர் போனைத் தேடினார். "கூப்பிடறேன் போலீஸை!"

"கூப்பிடுங்க, அதுக்கு முன்னாடி அவ சொன்னதை ஒரு தடவை நிதானமாக் கேளுங்க." ஒற்றைக்காதர் எழுந்தார். "வலது பக்கம்னுதான் சொன்னா. சுவிட்ச் கதையைச் சொல்லும்மா."

வாயாடி சொன்னாள். சொல்லும்போதே தாளாளர், விளக்குப் போடத் தெரியாமல் இவள் தடவியதை நினைத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"இவர் கெடுக்கறவர் இல்லை. ஏற்கனவே கெட்டிருக்கறதோட ஒத்துப்போறவர்," என்றார் ஒற்றைக்காதர். "ஒத்துப்போகணும்னா முதல்ல ஒரு தப்பு இருக்கணுமே. அது இவருக்கு முன்னாடியே இடது பக்கம் இருந்திருக்கு. ஒரே ஆள் செஞ்சிருந்தா ரெண்டு தப்பு பண்ணி ஒரு சரியைக் கொண்டுவர மாட்டான். இந்த அறையில ரெண்டு கை இருக்கு. ஒண்ணு வைக்குது, ஒண்ணு எடுக்குது. வாத்தியாரே, உள்ள வாங்க! இன்னிக்குப் பசங்களுக்கு நீங்க வச்ச தப்பு இடது ஸ்பீக்கர்தானே?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"ஆமா," என்றார். "நேத்து சாயங்காலம் நான்தான் மாத்தினேன். காலையில கேட்டா எல்லாம் சரியா இருக்கு! நான் பசங்களைச் செவிடுன்னு திட்டிட்டேன். எதிரில திட்டினேனே தவிர, உள்ளுக்குள்ள என் காதுதான் போயிடுச்சோன்னு பயம்." பிறகு தாளாளர் பக்கம் திரும்பினார். குரல் ஏறியது. "எல்லாம் ஒழுங்கா வேலை செய்யற ஸ்டுடியோவுல என்னம்மா சொல்லிக் குடுக்கறது? பித்தானை அமுக்கவா? நாளைக்கு வெளிய போய் நிக்கறப்ப வர்றது பூரா பழுதுதான். கேபிள் சாகும், இரைச்சல் வரும். அதைக் கண்டுபிடிக்கறதுதான் படிப்பு. ஸ்டுடியோ அமைக்கறப்பவே ஒரு மூட்டை ஓட்டை வயர் வாங்கிக் குடுங்கன்னு கெஞ்சினேன். புது ஸ்டுடியோவுல குப்பையான்னு கேட்டீங்க. வாசல்ல பலகை வேற மாட்டிட்டீங்க. நான் என்ன செய்ய, இருக்கற நல்லதுலயே கொஞ்சம் கொஞ்சமா..."

"அடப்பாவி மனுஷா!" என்றான் வயர்மேன். பயம் போய்க் கோபம் வந்திருந்தது. "நீங்கதானா அது? என் வயரிங்தான் மோசம்னு நினைச்சு நான் தூங்காம செத்தேனே! யாரோ கை வைக்கறாங்கன்னு அம்மாகிட்ட முதல்ல ஒரு தடவை சொன்னதுக்கு 'நீ ஒழுங்காப் போட்டியா'ன்னு கேட்டாங்க. அப்புறம் வாயே திறக்கலை. விடியறதுக்கு முன்னால வந்து ஒவ்வொண்ணா சரி பண்ணிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னேன்."

"நீதானா என் பாடத்தையெல்லாம் தின்னது?" என்றார் வாத்தியார்.

"தின்னேனா? காப்பாத்தினேன்!"

"கொக்கியில தொங்கினதை மட்டும் நீ பார்க்கலை. அதுதான் தலைவர்கிட்ட போச்சு."

"தொங்கறதெல்லாம் நல்லதுன்னு நினைச்சேன்."

"நானும் அதே நினைப்புலதான் இருந்தேன்," என்றார் தாளாளர், பலமில்லாத குரலில். அவர் கண் வாசல் பலகைப் பக்கம் போயிற்று. போன் கையிலேயே இருந்தது. எண் எதுவும் தட்டவில்லை.

அதற்குள் படியில் செருப்புச் சத்தம். குழு வந்துவிட்டது. முன்னால் வந்த அதிகாரி பலகையை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்துவிட்டு, எல்லாரும் பயந்த கேள்வியைத்தான் கேட்டார்.

"பழுதே இல்லைங்கறீங்க. அப்ப பழுது வந்தா உங்க பசங்க என்ன பண்ணுவாங்க?"

வாயாடி கண்ணை மூடிக்கொண்டாள். தாளாளர் ஒரு மூச்சு விட்டார். அவர் கல்லூரி நடத்துகிறவர், சும்மாவா?

"அந்தப் பலகை எழுதினவன் பாதியிலயே நிறுத்திட்டான் சார்," என்றார் கண் இமைக்காமல். "இங்க பழுதுக்குன்னே ரெண்டு பேர் வச்சிருக்கேன். அதோ வாத்தியார், அவர் வைப்பார். இதோ எங்க வயர்மேன், பசங்க வகுப்பு முடிஞ்சப்புறம் அவர் எடுப்பார். வகுப்பு முடிஞ்சப்புறம்தான்," என்று வயர்மேனைப் பார்த்து அழுத்தினார். "எங்க வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, வேற எந்தக் கல்லூரியிலும் இந்த ஏற்பாடு கிடையாது."

அது மட்டும் சத்தியமான வார்த்தை.

வயர்மேன் வலது ஸ்பீக்கரை நேராக்கினான். இடது அப்படியே இருந்தது. வாத்தியார் ஒரு பாட்டை ஓடவிட்டார். காலையில் தொங்கின முகத்தோடு இருந்த அந்தப் பெண் நடுவில் நின்று கண்ணை மூடினாள். "சார், பாடறவங்க நடுவுல இல்லை. எங்கயோ அறையைச் சுத்தி அலையறாங்க," என்றாள். நேரே போய் ராக்கின் பின்னால் கையை விட்டாள். அதிகாரி தானே நடுவில் போய் நின்று, வயரை மாற்றச் சொல்லி, மறுபடி மாற்றச் சொல்லி, புதுப் பொம்மை கிடைத்த பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். தலை அப்போதே ஆட ஆரம்பித்துவிட்டது.

"அத்தான், வித்தியாசம் கேட்டுச்சா?" என்றாள் வாயாடி.

"எனக்கு முதல்லேர்ந்து ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்குது," என்றார் ஒற்றைக்காதர். "வெளிய சொல்லிடாதே."

படியிறங்கும்போது வயர்மேன் காலி டப்பாவோடு பெண்டாட்டியை எட்டிப் பிடித்தான்.

"என்னை மாட்டிவிட்டுட்டியேடி."

"மாட்டிவிட்டதாலதான் வெளிய வந்தீங்க. நான் வாயை மூடியிருந்தா வாத்தியார் உள்ள போயிருப்பார், நீங்க நாளைக்கும் விடியாம எழுந்து திருடன் மாதிரி போயிருப்பீங்க. எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

அவன் டப்பாவை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "வீட்டுக்குப் போனதும் அந்தச் சமையலறைச் சுவிட்சை நேராக்கிடறேன்."

"அய்யோ, கையை வைக்காதீங்க! அது ஒண்ணு நேரானா மத்ததெல்லாம் தலைகீழாயிடும். செஞ்சா எல்லாத்தையும் செய்யுங்க, இல்லைன்னா எனக்கு இதே பழகிப்போச்சு."

"எல்லாத்தையும் செய்யறேன். அலமாரியை ஒரு பக்கம் நீ பிடிப்பியா?"

"எந்தப் பக்கம்னு முதல்லயே சொல்லிடுங்க, மேடம் பிடிக்கறேன்," என்றாள் வாயாடி.

அவ்வளவுதான் கண்ணுகளா, கதை முடிந்தது. எழுந்து போங்கள், பார்த்துப் போங்கள், படியில் இருட்டு. உங்கள் வீட்டு விளக்கு எந்தப் பக்கம் தட்டினாலும் எரியட்டும். பாரம் தள்ளுகிற நாளில் உங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே பக்கம் நின்று தள்ளட்டும். நல்லா இருங்க.